ஆமைப் பருவத்தில் லீவுக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோருக்கு



பொங்கலுக்கு வராத பிள்ளை மாசி நடுவில் நான்கு நாள் லீவில் வந்திருக்கலாம். பகல் முழுக்கத் தூங்குகிறான். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கூடத்தில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருக்கிறான். பையை உதறினால் அரைப்படி மணல் கொட்டுகிறது. மகளாக இருந்தால் முழங்காலில் உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு ஆறாத சிராய்ப்பு ஒன்று இருக்கும். கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்பாள். எதிர்வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து "தம்பி என்ன வேலையில இருக்காப்ல?" என்று விசாரிப்பார். "மெட்ராஸ்ல... ஆமைக்கு..." என்று நீங்கள் இழுப்பீர்கள்.

இந்த மடல் உங்களுக்குத்தான். ஆமைக்குஞ்சுகள் கடலில் இறங்கும் படம் வருடா வருடம் செய்தித்தாளில் வருகிறது. அந்தக் குஞ்சுகளுக்குக் காவல் இருந்தவர்களைப் பற்றியும் எப்போதாவது நான்கு வரி வரும். அவர்கள் வந்து படுத்து எழுந்து போகும் வீட்டைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அந்த வீடு இல்லாவிட்டால் பருவம் பாதியில் நின்றுபோகும் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொண்ட பிறகு, பிள்ளையை வேலைக்கு வைத்திருப்பவர்களிடம் சில கேள்விகளையும் கேட்க வேண்டும். அந்தக் கேள்விகள் கடைசியில் வருகின்றன. அதற்கு முன், ராத்திரியில் என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிடலாம். பிள்ளைகள் வீட்டில் இதை விவரமாகச் சொல்வதில்லை. சொன்னால் திரும்ப அனுப்ப மாட்டீர்கள் என்ற பயம்.

சென்னைக் கரைக்கு முட்டையிட வருவது பங்குனி ஆமை. ஓடு இரண்டடிக்குக் கொஞ்சம் கூட இருக்கும். எடை 35 முதல் 50 கிலோ. பேரில் பங்குனி இருந்தாலும் ஜனவரியிலேயே கரையேறத் தொடங்கிவிடும். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் உச்சம், ஏப்ரலில் ஓய்ந்துவிடும். குழு நள்ளிரவை ஒட்டி நீலாங்கரையில் கூடும். அங்கிருந்து பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் தாண்டிப் பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய 7 கிலோமீட்டர் நடை. சாலையில் 7 கிலோமீட்டர் என்றால் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கால் புதையும் மணலில், ஒவ்வொரு பள்ளத்தையும் உற்றுப் பார்த்துக்கொண்டே போனால் விடியற்காலை நான்கு மணி ஆகிவிடும். டார்ச் அடிக்க முடியாது. வெளிச்சத்தைக் கண்டால் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். எனவே அலை நனைத்த மணலைத் தாண்டி ஏறிப் போகும் தடத்தை நிலா வெளிச்சத்தில், அதுவும் இல்லாவிட்டால் தெருவிளக்கின் மிச்ச வெளிச்சத்தில், கண்ணால் பிடிக்க வேண்டும்.

துடுப்புக் கால்கள் இருபுறமும் மணலைத் தள்ளிக்கொண்டு போன தடம். மேலே ஏறியது ஒன்று, இறங்கியது ஒன்று. இரண்டும் சேரும் இடத்தில் மணல் கலைந்து கிடக்கும். அங்கேதான் எங்கோ முட்டைக்குழி. ஆனால் ஆமை லேசுப்பட்டதில்லை. முட்டையிட்டு முடித்ததும் குழியை மூடி, தன் உடம்பை இடமும் வலமுமாகத் தூக்கிப் போட்டு மணலை இறுக்கி, சுற்றிலும் மணலை வாரி இறைத்து அடையாளத்தை அழித்துவிட்டுத்தான் போகும். ஆகவே ஒரு கம்பை மெதுவாக, மிக மெதுவாக, மணலில் இறக்கிப் பார்ப்பார்கள். இறுகிய மணலில் கம்பு தடைபடும். குழிக்கு மேலே மட்டும் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஒரு விரற்கடை கூடுதலாக அழுத்திவிட்டால் முட்டை உடைந்துவிடும். இந்தக் கைப்பக்குவம் வருவதற்கு ஒரு பருவம் முழுக்க ஆகும். வந்தவர் அடுத்த வருடம் வராமல் போனால் இன்னொருவருக்கு முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது தேவைப்படும்.

கையால் தோண்டினால் ஒன்றரை அடி ஆழத்தில், வாய் குறுகி அடி அகன்ற குடுவை போல ஒரு குழி. உள்ளே நூறு, நூற்றிருபது முட்டைகள், ஓடு கெட்டியாகாமல் தோல் போல மெத்தென்று. எண்ணி, துணிப்பையில் வைத்து, குழியின் ஆழத்தை அளந்து குறித்துக்கொண்டு, பையை ஆட்டாமல் தூக்கிக்கொண்டு மீதித் தூரத்தை நடக்க வேண்டும். முட்டையிட்ட சில மணி நேரத்துக்குள் உள்ளே இருக்கும் கரு ஓட்டின் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். ஆகவே விடியட்டும், டீ குடித்துவிட்டுப் போகலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பொரிப்பகத்துக்கு (அவர்கள் பேச்சில் ஹேச்சரி) கொண்டுபோய், அதே ஆழத்தில், அதே வடிவத்தில் குழி தோண்டி, தேதியும் எண்ணிக்கையும் எழுதிய அட்டையைப் பக்கத்தில் நட்டுவைத்த பிறகுதான் வேலை முடியும். அப்போது கிழக்கு வெளுத்திருக்கும். கல்லூரிக்குப் போகிறவர்கள் நேராகக் கல்லூரிக்குப் போவார்கள். முதல் பீரியடில் என்ன கேட்டிருப்பார்கள் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

முட்டையை ஏன் கடற்கரையிலேயே விட்டுவைக்கக் கூடாது? நியாயமான கேள்விதான். பொரிந்த குஞ்சு மணலுக்கு மேலே வந்ததும் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓடும். மனிதர் விளக்கேற்றாத காலத்தில் அது கடலின் பக்கம். நட்சத்திர வெளிச்சத்தை அலைகள் திருப்பி அடிக்கும். இன்று சென்னையில் அது சாலை விளக்குகளின் பக்கம். விடிவதற்குள் நாயும் காகமும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

இப்போது லீவுக் கணக்குக்கு வரலாம். முட்டை பொரிய 45 முதல் 60 நாள் ஆகும். பிப்ரவரி 15 அன்று புதைத்த முட்டை ஏப்ரல் முதல் வாரத்தில் பொரியத் தொடங்கும். மார்ச் கடைசியில் புதைத்தது மே மாதம் வரை இழுக்கும். அதாவது நடை ஓயும் நேரத்தில் பொரிப்பகத்தில் வேலை கூடும். நாள் நெருங்கிய குழிகளின் மேல் கூடை கவிழ்த்து வைத்திருப்பார்கள். குஞ்சு வந்துவிட்டதா என்று அடிக்கடி தூக்கிப் பார்க்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் காலை வெயில் ஏறியதும் கூடைக்குள்ளேயே காய்ந்துவிடும். போதாததற்கு, மணலின் சூட்டைப் பொறுத்துத்தான் ஆணா பெண்ணா என்பது முடிவாகிறது. சூடு கூடினால் பெண். ரொம்பக் கூடினால் குஞ்சே பிழைக்காது. எனவே கோடையில் பொரிப்பகத்துக்கு நிழல் கட்ட வேண்டும். தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம், செமஸ்டர் தேர்வு, சித்திரைத் திருவிழா என்று வீட்டுக் காலண்டரில் சிவப்பில் இருக்கும் எல்லா நாளும் ஆமையின் காலண்டரிலும் வேலை நாள்தான். "ஒரு நாள் வந்து தலையைக் காட்டிட்டுப் போகக் கூடாதா?" என்று போனில் கேட்கும்போது எதிர்முனையில் வரும் மௌனத்துக்கு இதுதான் பொருள். வரக் கூடாது என்றில்லை. அவன் வந்தால் அவன் ராத்திரியை வேறொருவர் நடக்க வேண்டும், அந்த வேறொருவர் ஏற்கெனவே மூன்று ராத்திரி நடந்தவராக இருப்பார்.

சென்னையில் இந்த வேலைக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. 1970-களின் முற்பகுதியில், கிண்டி பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேகரும் அவரைச் சுற்றியிருந்த சில இளைஞர்களும் இந்தக் கரையில் ராத்திரியில் நடக்க ஆரம்பித்தார்கள். அப்புறம் சில காலம் அரசுத் துறைகள் பொரிப்பகம் நடத்தின. 1988-இல் மாணவர்கள் சேர்ந்து கடலாமைப் பாதுகாப்புக்கான மாணவர் வலையமைப்பைத் தொடங்கினார்கள்; அது இன்றுவரை தன்னார்வலர்களால் நடக்கிறது. 2002-இல் சுப்ரஜா தாரிணி தொடங்கிய ட்ரீ ஃபவுண்டேஷன் கடலோர மீனவ இளைஞர்களையே ஆமைக் காவலர்களாகச் சேர்த்தது. வனத்துறையும் ஒவ்வொரு பருவத்திலும் பொரிப்பகம் அமைத்து ஆள் வைக்கிறது. ஆக, ஒரே கரையில் மூன்று விதமான ஆட்கள். விடிந்ததும் தன் வீட்டுக் கட்டிலுக்குப் போகும் நகரத்துத் தன்னார்வலர் ஒருவர். குப்பத்திலேயே வீடு இருப்பவர் இன்னொருவர். மூன்றாமவர் தென்காசியிலிருந்தோ சேலத்திலிருந்தோ வந்து, ஆராய்ச்சி உதவியாளர் என்றோ திட்டப் பணியாளர் என்றோ நான்கு மாதத்துக்கு ஒப்பந்தம் வாங்கி, நான்கு பேரோடு ஓர் அறையில் தங்குபவர். இந்த மடல் பெரும்பாலும் அந்த மூன்றாமவரின் வீட்டுக்கு.

2025 ஜனவரியில் லீவுக்கு வந்த பிள்ளைகள் வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசியிருப்பார்கள். அந்த மாதமும் அடுத்த சில வாரங்களிலும் சென்னையிலும் அதன் வடக்கிலும் தெற்கிலுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. கண் பிதுங்கி, கழுத்து வீங்கி. ஆமைக்கு நுரையீரல்தான்; மூச்சுவிட மேலே வந்தே ஆகவேண்டும். இழுவைமடிக்குள் சிக்கி மணிக்கணக்கில் நீருக்கடியில் இழுபட்டால் மூழ்கித்தான் சாகும். ஆமைப் பருவத்தில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. விதி மீறப்பட்டதா என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அதெல்லாம் பகலில், அலுவலகங்களில் நடந்தது. ராத்திரியில் நடந்தவர்களுக்கு வேறு வேலை. ஒவ்வொரு உடலையும் அளந்து, ஆணா பெண்ணா என்று பார்த்து, இரண்டாம் தடவை எண்ணாமலிருக்க ஓட்டில் பெயின்ட் அடித்து, பிறகு குழி தோண்டிப் புதைப்பது. முட்டைக்குத் தோண்டும் குழி ஒன்றரை அடி. இதற்கு அதைவிட ஆழமாகத் தோண்ட வேண்டும்.

அதே பருவத்தில் ஒடிசாவின் ருஷிகுல்யா முகத்துவாரத்தில் சில நாட்களுக்குள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் கூட்டமாகக் கரையேறி முட்டையிட்டன என்று செய்தி வந்தது. இரண்டு செய்தியையும் ஒரே வாரத்தில் வாசித்தவர்களுக்குக் குழப்பம்தான் மிஞ்சியிருக்கும். இங்கே பிணத்தைப் புதைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தக் குழப்பத்துக்குக்கூட நேரம் இருந்திருக்காது.

இப்படி ஒரு மாதத்துக்குப் பிறகு வீட்டுக்கு வருபவரிடம் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "மீன் சாப்பிடுவியா, அதையும் விட்டுட்டியா?" சாப்பிடுவார்கள். பெரும்பாலும் நன்றாகவே சாப்பிடுவார்கள். ராத்திரியில் வழிசொல்லி, தடம் பார்த்த இடத்தைக் காட்டி, விடிகாலையில் டீ வாங்கிக் கொடுப்பவர்கள் கட்டுமரத்துக்காரர்களும் ஃபைபர் படகுக்காரர்களும்தான். மீனவர் வேறு, தடைசெய்த எல்லைக்குள் மடி இழுக்கும் பெரிய விசைப்படகு வேறு என்பதைப் பிள்ளைகள் பதினைந்தே நாளில் கற்றுக்கொண்டுவிடுவார்கள். நகரத்தில் உட்கார்ந்து கருத்து எழுதும் பலருக்கு இன்னும் அது தெரியவில்லை.

வெளிநாட்டில் இந்த லீவு விஷயத்தை எப்படிக் கையாள்கிறார்கள் என்று பார்த்தால் ஒரு தெளிவு கிடைக்கும். அமெரிக்காவில் காட்டுப் பாதைகளைச் செப்பனிடவும் அயல் செடிகளை அகற்றவும் கோடைக்குக் கோடை இளைஞர் குழுக்களை எடுக்கிறார்கள். பல குழுக்களில் எட்டு நாள் தொடர்ந்து காட்டில் கூடாரம் போட்டு வேலை, பிறகு ஆறு நாள் ஓய்வு. ஒன்பதுக்கு ஐந்து, பத்துக்கு நான்கு என்றும் உண்டு. ஓய்வு நாளில் வீட்டுக்குப் போகலாம், துணி துவைக்கலாம், சும்மா கிடக்கலாம். முக்கியமானது என்னவென்றால், பருவம் தொடங்கும் முன்பே அந்த நாட்கள் அட்டவணையில் எழுதப்பட்டிருக்கும். யாரும் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை.

இந்தக் குழுக்களுக்கெல்லாம் மூதாதை, 1933-இல் அதிபர் ரூஸ்வெல்ட் தொடங்கிய சிவிலியன் கன்சர்வேஷன் கோர். பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையில்லாமல் திரிந்த இளைஞர்களை முகாம்களில் தங்கவைத்து மரம் நடவும் தீத்தடுப்பு வேலை செய்யவும் பூங்காக்கள் அமைக்கவும் வைத்தார்கள். 1942-இல் அது முடிவதற்குள் ஏறக்குறைய 30 லட்சம் பேர் அதில் வேலை பார்த்துவிட்டார்கள். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலரை அரசே பிடித்து நேராக வீட்டுக்கு அனுப்பிவிடும். பையன் கையில் 5 டாலர். கண்டிப்பான ஏற்பாடுதான், கறுப்பின இளைஞர்களைத் தனி முகாம்களில் ஒதுக்கிவைத்த அதன் அநீதியையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் அந்தத் திட்டத்தை வகுத்தவர்களுக்குக் குழப்பமே இல்லை. காட்டில் வேலை செய்யும் ஒவ்வொரு பையனுக்குப் பின்னாலும் ஒரு வீடு இருக்கிறது, அதுவும் கணக்கில் வரவேண்டும் என்று நினைத்தார்கள். நம் ஊரில் பணம் பெரும்பாலும் எதிர்த்திசையில் போகிறது. மூன்றாம் மாத உதவித்தொகை தாமதமானால் அறை வாடகைக்கு அப்பாதான் ஜி-பே செய்கிறார்.

லீவே எடுக்காமல் களத்தில் கிடந்தவர்களின் கதைகளும் உண்டு. பிள்ளைகள் அவற்றை ஆவலோடு சொல்வார்கள், அதனால் நீங்களும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. சதீஷ் பாஸ்கர் என்று ஒருவர். சென்னை ஐ.ஐ.டி.யில் சேர்ந்து, படிப்பைவிடக் கடல் பெரிது என்று போனவர். சென்னையின் அந்த முதல் நடைகளில் இருந்தவர். பிறகு இந்தியாவின் கடற்கரைகளையும் தீவுகளையும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்நடையாக நடந்து, எங்கே எந்த ஆமை முட்டையிடுகிறது என்று முதன்முதலில் பதிவு செய்தவர். 1982-இல் லட்சத்தீவின் சுஹேலியில், ஆள் குடியில்லாத ஒரு திட்டில், மழைக்காலம் முழுக்கத் தனியாகத் தங்கினார். மழைக்காலத்தில்தான் அங்கே பச்சை ஆமை முட்டையிடும். மழைக்காலத்தில்தான் படகும் வராது. ஐந்து மாதம். மனைவி பிரெண்டாவுக்குக் கடிதம் எழுதி, பாட்டிலில் அடைத்துக் கடலில் போட்டார். 24 நாளில் அது இலங்கைக் கரையில் ஒதுங்கியது. எடுத்த மீனவர் அதைத் தபாலில் சேர்த்து, தம் குடும்பத்தைப் பற்றியும் நான்கு வார்த்தை எழுதி அனுப்பினார். 2023-இல் சதீஷ் பாஸ்கர் காலமானார். அடுத்த வருடமே அவரைப் பற்றி 'டர்டில் வாக்கர்' என்ற ஆவணப்படம் வந்தது.

அருமையான கதை. இருபத்திரண்டு வயதில் கேட்டால் மயிர்க்கூச்செறியும். ஆனால் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அந்தப் பாட்டில் யார் கைக்குப் போகவேண்டும் என்று எழுதப்பட்டிருந்ததோ அவரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஐந்து மாதம் வீட்டை நடத்தியது யார், சமாளித்தது எப்படி, கடிதம் வராத நாட்களில் என்ன நினைத்தார் என்பதெல்லாம் ஆமைக் கணக்கெடுப்பு அறிக்கையில் வராது. ஒருவருடைய அசாத்தியத்தை அளவுகோலாக வைத்து, "அவர் அஞ்சு மாசம் இருந்தார், உனக்கு அஞ்சு நாள் லீவா?" என்று ஒரு கேள்வி சில குழுக்களில் பேச்சுக்குப் பேச்சு வருகிறது. அது கெட்ட வழக்கம். சதீஷ் பாஸ்கர் தனியாள். குழு என்பது ஏழெட்டுப் பேர் நான்கு மாதம் தாக்குப்பிடிக்க வேண்டிய ஏற்பாடு.

கோடியக்கரைப் பக்கம் போனால் இதையே வேறு கோணத்தில் பார்க்கலாம். வடகிழக்குப் பருவமழையோடு வலசைப் பறவைகள் வந்திறங்கும் அந்த உப்பளங்களில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகப் பறவைகளைப் பிடித்துக் காலில் எண் பொறித்த வளையம் மாட்டிப் பறக்கவிட்டு வந்திருக்கிறது. அந்தப் பறவைகளை இறகு உதிராமல் பிடித்துக் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? பீகாரிலிருந்து வந்த மீர்ஷிகார்கள், பரம்பரையாகப் பறவை பிடிப்பவர்கள். அவர்களில் அலி ஹுசைன் என்பவரின் கைத்திறன் உலகெங்கும் பறவையியலாளர்களிடையே பேசப்பட்டது. கங்கைச் சமவெளியிலிருந்து காவிரிக் கழிமுகம் வரை வந்து, பருவம் முழுக்க உப்புக் காற்றில் கிடந்தவர்களுக்கு நினைத்த மாத்திரத்தில் ஊருக்குப் போய்வர முடியாது. பறவைக்கு வளையம் மாட்டி அது எங்கே போகிறது என்று கண்டுபிடித்தோம். பிடித்தவர் எப்போது வீட்டுக்குப் போனார் என்பதை யாரும் குறித்து வைத்ததில்லை.

முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் வேட்டைத் தடுப்புக் காவலர்களும் தீக் காவலர்களும் இருக்கிறார்கள். இவர்களில் பலர் இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடியினர். பிப்ரவரி முதல் மே வரை தீப்பருவம். அந்த மாதங்களில் லீவு கேட்பதே கஷ்டம். வீடு காட்டின் விளிம்பில்தான் இருக்கும், பல நேரம் முகாமிலிருந்து சில மணி நேர நடையில். இருந்தும் போக முடியாது. உங்கள் பிள்ளைக்கு 'அனுபவம்' என்று சொல்லப்படுவது இவர்களுக்குப் பிழைப்பு. லீவைப் பற்றி நீங்கள் கேட்டால் அதன் பலன் இவர்களுக்கும் போய்ச் சேர வாய்ப்பிருக்கிறது. ஒரு பட்டதாரியின் அப்பா கேட்கும் கேள்விக்கு அலுவலகங்களில் பதில் சொல்வார்கள். ஒரு காவலரின் மனைவி கேட்டால் சொல்வார்களா என்பது சந்தேகம்.

எனவே, கேளுங்கள். "எப்போடா ஒரு நிரந்தர வேலைக்குப் போவ?" என்ற கேள்வியைப் பிள்ளையிடம் கேட்டுப் பயனில்லை, அது அவனுக்கும் தெரியாது. வேலைக்கு எடுத்தவர்களிடம் பருவம் தொடங்கும் முன்பே கேட்க வேண்டியவை வேறு. வாரத்தில் எத்தனை ராத்திரி நடை? தொடர்ந்து எத்தனை ராத்திரிக்குப் பிறகு ஓய்வு? ஊருக்குப் போய்வர எத்தனை நாள், அந்த நாட்களுக்கு உதவித்தொகை உண்டா, இடத்தை யார் நிரப்புவார்கள்? கால் பிசகினாலோ நாய் கடித்தாலோ செலவு யாருடையது? பெண்கள் நடக்கும் இரவுகளில் குழுவில் எத்தனை பேர் இருப்பார்கள்? ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். நல்ல குழுக்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளாது. "சார், இது சேவை, இதில் லீவுக் கணக்கெல்லாம் பார்க்க முடியுமா?" என்று யாராவது சொன்னால், சேவைக்குத்தான் முதலில் கணக்குப் பார்க்க வேண்டும் என்று பதில் சொல்லுங்கள். கம்பை மணலில் இறக்கும் கைப்பக்குவத்தைச் சொன்னோமே, அதைக் கற்றவர் ஒரே பருவத்தில் சலித்துப்போய் வேறு வேலைக்குப் போய்விட்டால் நஷ்டம் அவருக்கில்லை. முறையாக ஓய்வு கிடைத்தவர் அடுத்த தையிலும் வருவார். மூன்றாம் வருடம் புதிதாக வருபவருக்குச் சொல்லிக்கொடுப்பார். லீவு என்பது பிள்ளைக்குக் காட்டும் சலுகை என்று குழுக்கள் நினைப்பதும், பிள்ளை திருந்தி வருவதற்கான முதல் படி என்று நீங்கள் நினைப்பதும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே மாதிரித் தவறு. அது அந்த வேலையின் ஒரு பகுதி. இவ்வளவு காலம் அதை நீங்கள் சம்பளமில்லாமல் செய்து வந்திருக்கிறீர்கள்.

பணத்தைப் பற்றி மழுப்ப வேண்டாம். நான்கு மாத ஒப்பந்தம் முடிந்தால் எட்டு மாதம் மிச்சம் இருக்கிறது. சிலர் ஆமை முடிந்ததும் வேறொரு திட்டத்துக்கு, பவளப்பாறைக்கோ தவளைக்கோ, போய்விடுகிறார்கள். சிலர் மேற்படிப்புக்குப் போகிறார்கள். சிலர் வங்கித் தேர்வு எழுதி நன்றாகவே இருக்கிறார்கள், விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நடைக்கு வருகிறார்கள். உங்கள் கவலை நியாயமானது. பருவகால வேலையைப் பருவகால வேலை என்று ஒப்புக்கொள்ளாமல், ஒவ்வொரு வருடமும் புது ஆர்வலர்களை வைத்தே சமாளித்துவிடலாம் என்று நினைக்கும் ஏற்பாட்டின் மீதுதான் அந்தக் கவலை திரும்ப வேண்டும்.

மற்றபடி, வீட்டுக்கு வந்திருக்கும் நான்கு நாளைப் பற்றி. முதல் நாள் எழுப்பாதீர்கள். உடம்பின் கடிகாரம் தலைகீழாக இருக்கிறது. இரண்டாம் நாள் மாலைதான் மனிதர் ஆவார்கள். உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்தை மூன்றாம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். துணியை வாஷிங் மெஷினில் போடும் முன் முற்றத்தில் நன்றாக உதறுங்கள். மெஷினுக்குள் மணல் போனால் மெக்கானிக் கேட்கும் தொகை மாத உதவித்தொகையைத் தொட்டுவிடும். செத்த ஆமைகளைப் பற்றி நீங்களாகக் கேட்க வேண்டாம், அவர்களாகப் பேச ஆரம்பித்தால் டிவியை அணைத்துவிட்டுக் கேளுங்கள். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று பாட்டி சொன்னால் விட்டுவிடுங்கள். பேரனோ பேத்தியோ அதற்கு ஏற்கெனவே ஒரு பதில் தயாராக வைத்திருப்பார்கள், பாட்டியும் அதை ரசிப்பார். முடிந்தால் ஒரு வெள்ளி அல்லது சனி இரவு நீங்களும் போய்ப் பொதுமக்களுக்கான நடையில் கலந்துகொள்ளுங்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும், சர்க்கரை இருப்பவர்கள் கடலை மிட்டாயோ பிஸ்கட்டோ வைத்துக்கொள்வது நல்லது, ஆமையைப் பார்ப்பீர்கள் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

ஏப்ரல் 15-இல் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஜூன் 14 வரை இருக்கும். அதற்குள் நடை ஓய்ந்து, மே மாதத்தில் கடைசிக் குழிகளும் பொரிந்து, பொரிப்பகத்தின் வேலியைப் பிரித்துவிடுவார்கள். பிள்ளைகள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் இருப்பார்கள், ஈரம் பட்டு மை கரைந்த பதிவேடுகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டு. அடுத்த பருவத்துக்கான லீவு அட்டவணையைப் பேச அதுதான் நல்ல நேரம். குழு ஒருங்கிணைப்பாளரின் எண்ணைப் பிள்ளையிடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பருவம் நடக்கும்போது அழைக்க நேர்ந்தால் மட்டும் காலை பத்து மணிக்கு முன் வேண்டாம், அவரும் அப்போதுதான் படுத்திருப்பார்.